உத்திரமேரூர் டாரன்டுலாக்களும் நான் நீக்கிய பதிவும்

மூன்று வருடங்களுக்கு முன்பு இதே வலைப்பதிவில், உத்திரமேரூர்ப் பக்கம் சாலையோரப் புளியமரங்களில் வாழும் டாரன்டுலா சிலந்திகளைப் பற்றி எழுதியிருந்தேன். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். இப்போது தேடினால் கிடைக்காது. போன வாரம் நீக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, மறுபடி போய்வந்த கதையை முழுதாக எழுதிவிடுவது சுலபம்.

மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை கிளம்பினேன். காரணம் புளி. வீட்டில் வருடத்துக்கான புளி வாங்கி, கூடத்தில் செய்தித்தாளை விரித்து மனைவி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அலுவலகம், தாம்பரம், மாதக் கடைசி அறிக்கை எல்லாம் மறந்துபோய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதையை ஆரம்பித்தேன். அவர் அதை நூறு முறை கேட்டிருப்பார். "இங்க உக்காந்து பெருமூச்சு விடறதுக்கு ஒரு நடை போயிட்டுத்தான் வாங்களேன்" என்றார்.

தெரியாதவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடம் நான் மருந்துக் கம்பெனி ரெப். செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்னுடைய லைன். இந்த வேலையில் இருந்தவர்களுக்கு மத்தியானம் என்றால் என்னவென்று தெரியும். காலையில் டாக்டர்களைப் பார்ப்பது ஒரு மணிக்கு முடிந்துவிடும். அடுத்து ஆறு மணிக்குத்தான் கிளினிக் திறப்பார்கள். நடுவில் ஐந்து மணி நேரம் கழுத்தில் டையோடும் கையில் பையோடும் எங்கேயாவது கிடக்க வேண்டும். சில பேர் தூங்குவார்கள், சில பேர் சீட்டாடுவார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு புளியமரச் சாலைகளில் சுற்றுவேன்.

அப்படி ஒரு நாள், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய புளியமரத்தடியில் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு பெண்மணியும் அவர் கணவரும் புளி மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு நின்றிருந்தார்கள். மரத்தில் மார்பு உயரத்தில் ஒரு பொந்து. மழைத்தண்ணீர் உள்ளே இறங்க, அதிலிருந்து என் கையகலத்துக்கு ஒரு சிலந்தி வெளியே வந்து, என் மருந்துப் பைக்கு ஒரு சாண் பக்கத்தில் நின்றது. நான் கத்த வாயைத் திறந்தேன். அந்தப் பெண்மணி நிதானமாகச் சொன்னார்:

"கொஞ்சம் நவுந்து நில்லு சார். அது அத்தோட எடம்."

அவரைத் தேவகி என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் அல்ல. பழைய பதிவில் உண்மையான பெயரைப் போட்டிருந்தேன், இனி போடமாட்டேன். தேவகிக்கும் அவர் கணவருக்கும் சொந்த நிலம் கிடையாது. சாலையோர மரங்களின் புளி மகசூலை வருடா வருடம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரிடம் இவர்கள் கூலிக்குப் புளி உலுக்குவார்கள். கணவர் மரம் ஏறுவார், தேவகி கீழே பொறுக்கி மூட்டை கட்டுவார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புளி சீசனிலும் மத்தியானங்களில் அவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தேன். எனக்கு அவர் வைத்த பெயர் 'மருந்து சார்'. அந்த வருடங்களைப்போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. இதை மனைவியும் படிப்பார், பரவாயில்லை, அவருக்குத் தெரியும்.

வேலை மாறி அலுவலகத்தில் உட்கார்ந்த மாதத்தில்தான் பழைய பதிவை எழுதினேன். போகிறவன் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போவதைப்போல, அந்தச் சாலைக்கு ஒரு நன்றி. அதன் பிறகு மூன்று சீசன் போகவில்லை.

இனி பயணம். தாம்பரத்தில் 11.40 மின்சார ரயில், கட்டணம் பத்து ரூபாய். செங்கல்பட்டுக்கு 12.35. பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். அங்கே ஒரு கடையில் தேவகி வீட்டுக்கு அரைக்கிலோ மிக்சரும் அரைக்கிலோ லட்டும் வாங்கினேன். உத்திரமேரூர்ப் பேருந்து 1.10க்குக் கிளம்பியது, டிக்கெட் முப்பது ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் வலப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கும். எனக்கு வலப்பக்கம்தான் கிடைத்தது. 2.20க்கு இறங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாடு, தொண்ணூறு ரூபாய். வத்தக்குழம்பு பிரமாதம். என் பழைய டாக்டர் ஒருவரின் கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. கொஞ்ச நேரம் அதன் வாசலில் நின்றேன். கடைக்காரர் ரீசார்ஜா என்று கேட்டார்.

ஆட்டோக்காரர் அந்தோணி, நாற்பது வயதிருக்கும். ஏழரை மணி வரை கூடவே இருந்து திரும்பக் கொண்டுவந்து விட நானூறு ரூபாய் பேசினோம்.

"கல்வெட்டு பாக்கவா சார்? கோயிலு நாலு மணிக்கு மேலதான் தொறப்பாங்க."

"இல்லீங்க, புளியமரம்."

"மரத்தயா?"

"மரத்துல பெரிய சிலந்தி இருக்கும். அதைப் பார்க்க."

அந்தோணி கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை முழுதாகப் பார்த்தார். "எட்டுக்கால் பூச்சியப் பாக்க மெட்ராஸ்லேர்ந்து வந்துகீற. எங்க வூட்டாண்ட வா சார், பரண் மேல எவ்ளோ வேணும், சும்மாவே காட்றேன்."

எந்தச் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர் என்று இந்த முறை எழுதப்போவதில்லை. ஊரிலிருந்து கிளம்பும் சாலைகள் பலவற்றிலும் பழைய புளியமரங்கள் இருக்கின்றன. ஏரிக்கரைக் காற்று கொஞ்ச தூரம் கூட வந்தது. அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள். ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். இங்கே பஞ்சர் ஆனது, இங்கே இளநீர் குடித்தது என்று அந்தோணியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாவம், அவரும் 'ம்' போட்டுக்கொண்டே வந்தார்.

3.30க்கு அவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். தேவகியின் கணவர் மரத்தின் மேலே கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். கீழே தேவகி சாக்கை விரித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் சிரித்துக்கொண்டே போய் நின்றேன்.

"வா சார்" என்றார். அவ்வளவுதான். லட்டுப் பெட்டியை வாங்கி மூட்டை மேல் வைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். வெயில், வேலை, அதனால் என்று நினைத்தேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றார். கடைசியில் வந்த விஷயத்துக்கே வந்தேன்.

"தேவகிம்மா, நம்ம மரத்துல அது இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அத்த ஏன் சார் என்னாண்ட கேக்கற? உன் வூட்லதான கீது? நல்லா கீதா? குட்டிங்கல்லாம் இன்னேரம் பெருசாயிருக்குமே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். பொறுக்குவதை நிறுத்திவிட்டு, மடியிலிருந்த புளியைச் சாக்கில் கொட்டிவிட்டுச் சொன்னார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே சீசனில், காரில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நல்ல சட்டை, நல்ல பேச்சு. செல்போனில் என் பதிவையும், அதில் நான் போட்டிருந்த தேவகியின் படத்தையும் காட்டியிருக்கிறார்கள். மருந்து சார்தான் அனுப்பினார் என்றிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் மீதி புரியும். இவர்கள் மரம் ஏறுவதற்கு முன்பு பொந்துகளில் ஈர வைக்கோலைத் திணித்து அடைத்துவிடுவார்கள். கிளையை உலுக்கும்போது உள்ளே இருப்பது மிரண்டு வெளியே வந்து கையில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. வேலை முடிந்து இறங்கியதும், மறக்காமல் வைக்கோலை எடுத்துவிடுவார்கள். எத்தனை அவசரமாக இருந்தாலும் தேவகி அதை விட்டதே இல்லை. பழைய பதிவில் நான் இதைச் சிலாகித்து எழுதி, வைக்கோல் எடுக்கும் நேரம்தான் சிலந்தியைப் பார்க்கச் சரியான நேரம் என்றும் அறிவுரை சொல்லியிருந்தேன். வந்தவர்கள் அந்த நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

"நீ அனுப்பிச்சன்னுதான் நானே வைக்கோல எட்த்து வுட்டேன். டார்ச் லைட்டு கூட நான்தான் புட்ச்சினு நின்னேன். உளி வச்சி பட்டைய பேத்தானுங்க. பெருசு ஒண்ணு, குட்டிங்க அத்தினி, எல்லாத்தயும் டப்பா டப்பாவா போட்டுக்கினானுங்க. காசு குட்த்தாங்க. மருந்து சார் வேலைக்கு இன்னா காசுன்னு வாங்கல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணலாம்னுதான் பாத்தேன். படிச்ச மனுசன், இன்னாத்துக்கோ கேட்டுகீறன்னு வுட்டுட்டேன். ஆனா மனசே ஆறல. நவுந்து நில்லுன்னு ஒருநாள் சொன்னேன். நவுந்து நின்ன. அப்புறம் ஏன் இப்டி பண்ணன்னு தெர்ல."

இரண்டு வருடம் அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் இங்கே கூடத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வருடம்.

நான் அனுப்பவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே ஒரு மின்னஞ்சல் ஞாபகம் வந்துவிட்டது. பதிவைப் படித்த ஒருவர், மிகப் பணிவாக, பொந்து சாலைப் பக்கமா வயல் பக்கமா, ஊர்க்காரர்கள் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டிருந்தார். நான் அன்றைக்கே பதில் போட்டேன். வயல் பக்கம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், என் பெயரைச் சொல்லுங்கள், மருந்து சார் அனுப்பினார் என்றால் போதும், அந்த அம்மாவே கூட வந்து காட்டுவார். நம் ஊரில் யார் எங்கே போனாலும் நாம் சொல்வதுதானே இது? நம்ம பேரச் சொல்லுங்க, பார்த்துப்பாங்க. ஒரு ஊரில் என் பெயருக்கு மரியாதை இருக்கிறது என்று காட்டிக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. அதையும் தேவகியிடம் சொல்லிவிட்டேன். மறைத்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அவர் மறுபடி குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். மேலே உலுக்குவது நின்றிருந்தது. அவர் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

நான் மட்டும் நடந்துபோய் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பொந்தின் வாய் இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது. பட்டை பெயர்ந்த இடத்தில் உளி பட்ட தடங்கள் கறுத்துப்போயிருந்தன. உள்ளே கொஞ்சம் சருகு, ஒரு ஓணான். இந்த வகைச் சிலந்தியில் பெண் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். மழைநாளில் என் மருந்துப் பைக்குப் பக்கத்தில் வந்து நின்றதே, கடைசிவரை நான் பார்த்தது அதே சிலந்திதான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வெளிநாட்டில் இவற்றை வளர்ப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்களாம். இப்போது எந்த ஊரில் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதோ. அங்கே நின்று அழுதேன். அந்தோணி பின்னாலேயே வந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திரும்பிப் போய் என்ன செய்வதென்று தெரியாமல், உட்கார்ந்து புளி பொறுக்க ஆரம்பித்தேன். அந்தோணியும் "ஒரே பேஜாரா பூச்சு சார் உன்னோட" என்று சொல்லிக்கொண்டே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தே முக்கால் வரை பொறுக்கினோம். புளியில் எறும்பு நிறைய, முழுக்கால்சட்டை போட்டுப் போங்கள்.  நடுவில் தேவகி லட்டுப் பெட்டியைத் திறந்து நான்கு பேருக்கும் வைத்தார்.

கணவர் இறங்கியதும், தேவகி எழுந்து முந்தானையை உதறினார்.

"செல்போன எங்க வூட்டுக்காரராண்ட குட்த்துட்டு என்கூட வா சார். படம் கிடம் ஒண்ணும் கூடாது."

கொடுத்தேன். கையில் இருந்த கடிகாரத்தையும் எதற்கு வம்பு என்று கழற்றப்போனேன். "அது இன்னா பண்ணிச்சு, அது இருக்கட்டும்" என்றார். பல மாதங்களாகச் சிரிக்காதவர் மாதிரி கொஞ்சமாகச் சிரித்தார்.

நடந்தோம். எவ்வளவு தூரம் என்று நான் எண்ணவில்லை. வேண்டுமென்றேதான் எண்ணவில்லை. இன்னொரு மரம், இன்னொரு பொந்து, அதிலும் வைக்கோல். தேவகி அதை மெதுவாக, நூல் நூலாக உருவினார். உள்ளே சாம்பல் நிறத்தில் பழைய துணி போன்ற வலை. எட்டடி தள்ளி உட்கார்ந்தோம். சூரியன் இறங்கி ரோட்டில் வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்தன.

6.24க்குப் பொந்தின் விளிம்பில் நான்கு கால்நுனிகள். அப்படியே கால்மணி நேரம் அசையவில்லை. லாரி ஒன்று போனது, உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி வந்தது. 6.50க்கு முழுதாக வெளியே வந்து பட்டையோடு பட்டையாகப் படிந்து உட்கார்ந்தது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தேன், வெள்ளை வெளிச்சம் அதற்கு ஆகாது. முதுகில் கறுப்பும் சாம்பலுமாகக் கோலம், வயிற்றின் மேல்புறம் நடுவில் வெளிர்ப் பட்டை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண்ணை எடுத்தால் மரம்தான் தெரியும், சிலந்தி தெரியாது. பிறகு பொந்துக்குள்ளிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. ஒன்பது வரை எண்ணினேன். தாய் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கரப்பான் பூச்சி அந்தப் பக்கமாக ஏறி வந்தது. அடுத்து நடந்தது இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

பழைய மரத்துச் சிலந்தியின் குட்டியாக இருக்குமோ இது, முன்பே ஏதோ ஒரு வருடம் இங்கே நகர்ந்து வந்திருக்குமோ என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்" என்றார் தேவகி. எனக்கும் தெரியாது. இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதுவரை நான் எடுத்த படங்களில் நானூறு சிலந்திப் படங்களாவது இருக்கும். இதற்குப் படம் இல்லை. அதனால்தானோ என்னவோ, எழுதும்போது ஒவ்வொரு காலும் கண் முன்னால் நிற்கிறது.

இருட்டிவிட்டதால் திரும்பும்போது தேவகி முன்னால் நடந்தார். பாதி வழியில், திரும்பாமலே கேட்டார்.

"இன்னொருத்தன் உன் பேர சொல்லிக்கினு வந்தா நான் இன்னா பண்றது?"

"தொரத்தி விட்டுடுங்க."

"நெஜமாவே உன் சொந்தக்காரனா இருந்தா?"

"யாரா இருந்தாலும்."

"செரி" என்றார். அவ்வளவுதான் பேசினோம். மன்னித்தாரா என்று தெரியாது. ஆட்டோவில் ஏறும்போது, பொறுக்கியதில் ஒரு பை புளியை எடுத்து மடியில் வைத்தார். கொட்டை எடுக்காத புளி.

எட்டு மணிப் பேருந்து கிடைத்தது. வீட்டுக்கு வர பத்தரை. அன்றைக்கே பதிவை நீக்கினேன். நீக்கியதால் காரில் போனது திரும்பி வராது என்று தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போகலாம். மாலை ஆறு மணிக்குள் பழைய புளியமரம் எதன் பக்கத்திலாவது உட்கார்ந்துவிடுங்கள். மார்பு உயரத்துக்கு மேல் உள்ள பொந்துகள், வாயில் சாம்பல் நிற வலை, இவைதான் அடையாளம். தொடாதீர்கள். கடித்தால் உயிர் போகாது, ஆனால் வலியும் தசைப்பிடிப்பும் நாள்கணக்கில் படுத்தும். குச்சியை விட்டுக் குடையாதீர்கள். பொந்தில் வைக்கோல் இருந்தால் அதை எடுக்க வேண்டியவர்கள் எடுப்பார்கள், நீங்கள் எடுக்காதீர்கள். நான்கு மரங்களில் ஒன்றும் தெரியாமல் ஐந்தாவதில் தெரியலாம், ஐந்து நாள் போயும் தெரியாமல் போகலாம். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், தண்ணீர், கொசு மருந்து போதும். போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கண்டுபிடித்தால் இடத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் எழுத வேண்டாம்.

வழியில் புளி பொறுக்குகிறவர்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் விரட்டிவிடுவார்கள்.